இரண்டு மேசைக்கு ஒருத்தி

விமான நிலையக் குடியிருப்பு
6 ஆகஸ்ட் 2025

ஜெய்பீம் தஹ்சீன்,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. உன் தம்பி தவ்ஃபீக்குக்குப் போன் போட்டால், "அக்கா குளிச்சுகினு கீது" என்கிறான். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், சாயங்காலமும் குளிக்கிறாய். தண்டையார்பேட்டையில் எப்போதிலிருந்து அவ்வளவு தண்ணீர் வருகிறது? தபால்காரரை பிளாக் செய்ய மட்டும் இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கிய அன்று நான் வாசலில்தான் நின்றேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருடமாக ஒரே வீட்டில், ஒரே தோசைக்கல்லில் குடித்தனம் நடத்தியவர்கள் நாம். கதவைக்கூட நீ சாத்தவில்லை, நான்தான் சாத்தினேன்.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நீ ஒருமுறையும் கேட்கவில்லை.

டவரில் அது நடந்த அன்று மழை. பக்கத்து விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அங்கே போக வேண்டியதெல்லாம் நம் தலையில் வந்து விழுந்தது. டவரில் இரண்டு மேசை. ஒரு மேசையில் இருப்பவர் வானத்தில் வருகிறவர்களோடு பேச வேண்டும், இன்னொரு மேசையில் இருப்பவர் தரையில் ஓடும் வண்டிகளோடு. தரை மேசைக்கு வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். டியூட்டி போடும் ராசையா சார் உன்னிடம் வந்து, "ரெண்டையும் பாத்துக்குவியாம்மா?" என்று கேட்டார். முந்தைய நாளும் நீ இரட்டை டியூட்டி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பாத்துக்கறேன் சார்" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய்.

டியூட்டி முடிந்து, என் வானத்து மேசையை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு நான் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அது நம் வழக்கம். புதிதாய் உட்கார்ந்தவருக்கு வானம் பழகும்வரை எழுந்தவர் பின்னால் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு நாய் ஓடுபாதையில் ஏறியது. அதை விரட்ட நீ ஜீப்பை உள்ளே விட்டாய். ஜீப் உள்ளே போனால் பலகையில் சிவப்புக் கட்டையை வைக்க வேண்டும், கட்டை இருக்கும்வரை யாரையும் இறக்கக்கூடாது. உன் கை கட்டைக்குப் போனதை நான் பார்த்தேன் தஹ்சீன். அதற்குள் மூன்று பேர் காதில் ஒரே நேரத்தில் பேசினார்கள். கை பாதியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு விமானத்திடம் "இறங்கலாம்" என்றாய். ஜீப் ஓடுபாதையின் நடுவில்தான் இருந்தது.

உன் தோள் மேலாக எட்டி மைக்கைப் பிடித்து "இறங்காதே, மேலே போ" என்றேன். விமானம் மேலே போனது. உள்ளே இருந்தவர்கள் மழைக்காகப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். ராசையா சாரும் அதையேதான் சொன்னார். "மழையினாலன்னு எழுதிக்கலாம், ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

நான் வாயை மூடவில்லை. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். இரண்டு மேசைக்கு ஒரே ஆளைப் போடுகிறார்கள், ஓய்வில்லாமல் போடுகிறார்கள் என்றுதான் பக்கம் பக்கமாக எழுதினேன். அவர்கள் அதில் உன் பெயரை மட்டும் படித்துவிட்டு உன்னை மேசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

மித்ரா


தண்டையார்பேட்டை
14 ஆகஸ்ட் 2025

சங்கமித்ராவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா பிரித்துப் படித்துவிட்டார், அதனால் நானும் படிக்க வேண்டியதாயிற்று.

திட்டச் சொன்னாய். சரி.

என் மைக்கை நீ பிடித்தாய். இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கும்போது மைக்கைத் தொடுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? டவரில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அதைக்கூட விடு, அதில் ஒரு உயிர் விஷயம் இருந்தது. அதற்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன், எடுத்துக்கொள். ஆனால் அதற்கு மறுநாள் என் பக்கத்து அறையில் உட்கார்ந்து, நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த அறிக்கையை எழுதினாயே, அதற்கு என்னடி பெயர்?

எங்கள் தெருவுக்கு நான் "பிளேன் ஓட்டுற பொண்ணு". ஓட்டவில்லை, ஓட்டுகிறவர்களுக்கு வழி சொல்கிறேன் என்று எத்தனை தடவை சொல்லியும் யாருக்கும் ஏறவில்லை, நானும் விட்டுவிட்டேன். இப்போது காய்கறி வாங்கப் போனால், "இன்னாம்மா, பிளேனுக்கு லீவா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். அத்தா ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்திருக்கிறது. ராசையா சார் போனில் வழி சொன்னார். "என் கவனக்குறைவுன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா. ஒரு டெஸ்ட் வைப்பாங்க, பழையபடி உக்காந்துக்கலாம். மேசை, டியூட்டின்னு இழுத்தா வருஷக்கணக்கா இழுக்கும், உன் சீட்டே போயிடும்." எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

நீ சும்மா இருந்திருந்தால் இந்த இரண்டு வரிக்கும் வேலை இருந்திருக்காது.

தஹ்சீன்


விமான நிலையக் குடியிருப்பு
22 ஆகஸ்ட் 2025

தஹ்சீன்,

எழுதாதே. எழுதாதே. எழுதாதே.

இன்னாடி நெனச்சுகினு கீற நீ? இரண்டு வரி எழுதினால் உன் சீட்டு உனக்கு வந்துவிடும், சந்தோஷம். தப்பு செய்தவள் ஒருத்தி, அவளே ஒப்புக்கொண்டாள், டெஸ்ட் வைத்தோம், முடிந்தது என்று அவர்கள் கோப்பை மூடி மேலே பேப்பர் வெயிட்டை வைத்துவிடுவார்கள். மறுநாள் யாராவது காய்ச்சலில் படுப்பார்கள். மறுபடி இரண்டு மேசைக்கு ஒருத்தியை உட்கார வைப்பார்கள்.

அந்த ஒருத்தி யார் தெரியுமா? நான்தான். நீ போனதிலிருந்து உன் டியூட்டியையும் சேர்த்து நான் பார்க்கிறேன். அறிக்கை அனுப்பியவள் என்பதால் கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. ஒப்படைத்துவிட்டு எழுகிறவர்கள் எனக்குப் பின்னால் நிற்பதில்லை, பையை மாட்டிக்கொண்டு நேராகப் படியிறங்கிவிடுகிறார்கள். அன்று உனக்குப் பின்னால் நான் இருந்தேன். இன்று எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? பயமாக இருக்கிறது தஹ்சீன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நேற்று வீட்டுக்கு வந்து குக்கரை அடுப்பில் வைத்தேன். தண்ணீர் ஊற்றவில்லை. அரிசி போட்டேன், மூடினேன், விசில் வைத்தேன், தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. அரிசி போகட்டும், இதே தலையோடு அல்லவா நான் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன்?

நாம் ஏன் எதற்கெடுத்தாலும் "பாத்துக்கறேன்" என்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். பயிற்சிக்குப் போன முதல் வாரம் நினைவிருக்கிறதா? வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று ஊர் பெயரைச் சொன்னதும் பின் வரிசையில் ஒருத்தன், "ரவுடிங்க ஏரியா ஆச்சே" என்று சிரித்தான். அன்றைக்கு ஹாஸ்டல் மாடியில் நீதான் சொன்னாய்: "முடியாதுங்கற வார்த்த மட்டும் நம்ம வாயில வரக்கூடாது மித்ரா. வந்துச்சு, அவ்ளோதான், ஏரியாவயே சேத்துப் பேசுவானுங்க." நானும் கையடித்துக் கொடுத்தேன். காய்ச்சலோடு உட்கார்ந்தோம், பீரியட்ஸ் வலியோடு உட்கார்ந்தோம், உன் நிச்சயதார்த்தம் முறிந்த மறுநாள்கூட நீ உட்கார்ந்தாய். மற்றவர்கள் லீவு கேட்டார்கள், நாம் கேட்கவில்லை. ராசையா சாருக்கு அது தெரியும். அதனால்தான் அவர் நம்மிடம் மட்டும் வந்து கேட்கிறார்.

விளக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுது. உன் தப்பையும் எழுது, அவர்கள் தப்பையும் எழுது.

மித்ரா


தண்டையார்பேட்டை
2 செப்டம்பர் 2025

மித்ரா,

உள்ளதை உள்ளபடி எழுது என்கிறாய். உள்ளது என்ன? அவர் கேட்டார், நான் சரி என்றேன். கழுத்தில் கத்தி வைக்கவில்லை. "முடியாது சார்" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. அப்படியென்றால் தப்பு யாருடையது? சரி என்று சொல்லிவிட்டு, பிறகு "என்னை ஏன் உட்கார வைத்தாய்" என்று எழுதுவது எனக்குக் கேவலமாக இருக்கிறது. நீ எவ்வளவு பக்கம் எழுதினாலும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன்.

உன் அம்மா வந்திருந்தார். காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, வேர்க்க விறுவிறுக்க வந்து கூடத்தில் உட்கார்ந்தார். யார் பக்கம் நியாயம் என்று அவர் கேட்கவே இல்லை. "ரெண்டு பேரும் ஒரே தட்டுல துன்ன புள்ளைங்க. இப்ப இன்னாமோ ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிகினு கீறீங்க. அவ போன்ல அய்வுறா, நீ இங்க எளச்சுப் போய் கீற. இந்த ரமாபாய் வூட்ல ரெண்டு பொண்ணுன்னுதான் ஊரே சொல்லிகினு கீது, நான் எவளுக்குன்னு பேசறது?" என்றார். என் அம்மா மீனைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு அம்மாக்களுமாகச் சேர்ந்து உன்னையும் என்னையும் அரை மணி நேரம் திட்டினார்கள். அதில் அவர்கள் ரொம்ப ஒற்றுமை.

நீ அழுவதாக உன் அம்மா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

விளக்கம் கொடுக்க மாதக் கடைசிவரை நேரம் வாங்கியிருக்கிறேன். எழுதவும் இல்லை, எழுதாமலும் இல்லை. உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே.

குக்கர் வெடிக்கவில்லையே?

தஹ்சீன்


விமான நிலையக் குடியிருப்பு
10 செப்டம்பர் 2025

தஹ்சீன்,

வெடிக்கவில்லை. அடி கருகிவிட்டது, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ராசையா சார் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, உனக்கும் தெரியும். அவருக்கும் மேலே நாலு பேர் போனில் கத்துகிறார்கள். ஆள் கேட்டு அவர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வந்ததில்லையாம். "நீ அறிக்கையைத் திருப்பி வாங்கிக்க. அந்தப் பொண்ணு ரெண்டு வரி எழுதட்டும். ரெண்டு பேரும் பழையபடி இருங்க. என்ன கெட்டுப்போச்சு இப்ப? ஒண்ணும் ஆகலையே" என்றார்.

ஒன்றும் ஆகவில்லைதான். ஆகியிருந்தால் எத்தனை பேர் என்று நான் தினமும் நினைக்கிறேன். ஆனால் உன்னையும் தினமும் நினைக்கிறேன். எது பெரிது என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாத விஷயத்தில் உன் வாழ்க்கையை வைத்து நான் மட்டும் முடிவு செய்வதும் சரியாகப் படவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். நீ கேட்டால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். காரணம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். "வாங்கிக்கொள்" என்று ஒரு வரி போட்டு அனுப்பு, அன்றைக்கே செய்துவிடுகிறேன். அப்புறம் அதைப் பற்றி வாழ்நாளில் பேச மாட்டேன்.

மித்ரா


தண்டையார்பேட்டை
19 செப்டம்பர் 2025

அன்புள்ள மித்ரா,

உன் கடிதம் வந்த அன்றே அந்த ஒரு வரியை எழுதிவிட்டேன். உறையில் போட்டு, ஒட்டி, மேசைமேல் வைத்திருந்தேன். தவ்ஃபீக் வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

தவ்ஃபீக் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான் இல்லையா. இப்போதெல்லாம் அவன் வீட்டுக்கு வருவதே அபூர்வம். எர்ணாவூரிலிருந்து துறைமுகம்வரை வண்டிக்குப் பின்னால் வண்டி நிற்கிறதாம். வரிசை நகரும்போது நகர்த்த வேண்டும், தூங்கினால் பின்னால் இருப்பவன் ஹாரனை அழுத்தியே கொன்றுவிடுவான். அன்று காலை வந்தான். உடம்பெல்லாம் நிலக்கரித் தூசி. அம்மா நாஷ்டா வைத்தார். இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டு போகிறான், கை பாதியில் நிற்கிறது. கண் திறந்துதான் இருக்கிறது. இட்லி கையிலேயே இருக்கிறது. "தவ்ஃபீக்" என்று கூப்பிட்டேன். "ஆங், துன்னுகினு கீறேன்க்கா" என்றான்.

அப்போது கான்ட்ராக்டர் போன். ஒரு டிரைவர் வரவில்லை, மணலியில் சரக்கு நிற்கிறது, இன்னொரு நடை போய்விட்டு வா என்கிறார். இவன் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்து, "பாத்துக்கறேன் ணா" என்கிறான்.

நான் எழுந்துவிட்டேன்.

ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தேன். அரிசி டிரம்முக்குள் போட்டேன். மூடியை மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில்கூட நான் இப்படிச் செய்ததில்லை. தவ்ஃபீக்குக்கு முதலில் சிரிப்பு, பிறகு கோபம். "அக்கா, வெளாடாத. சாவியக் குடு. ஒரு டீ குட்ச்சா சரியாய்டும்" என்றான். கொடுக்க மாட்டேன் என்றேன். "உனக்கு இன்னா தெரியும் லாரியப் பத்தி? கம்பெனில என் பேரு போய்டும். ஒன் வேலதான் பூட்ச்சு, என் வேலயும் போணுமா?" என்று கத்தினான். அம்மா குறுக்கே வந்தார். அத்தா தொழுதுவிட்டு உள்ளே வந்து பார்த்தார், என் பக்கத்தில் டிரம்மில் சாய்ந்து நின்றுகொண்டார். மித்ரா, எத்தனையோ நாளாக என்னிடம் பேசாதவர், அங்கே வந்து நின்றார்.

கான்ட்ராக்டர் மறுபடி போன் செய்து தவ்ஃபீக்கை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவன் அப்படியே தரையில் படுத்தான். அஸர் பாங்கு சொல்லும்வரை அசையவில்லை. எழுந்து முகம் கழுவினான், சோறு தின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. வேறு ஆளை அனுப்பிவிட்டார்களாம், அடுத்த வாரம் நடை கொடுப்பார்களா என்று தெரியாதாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோது அழுதுவிட்டேன். ஆனாலும் சாவியைக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா? நான் படியிறங்கின அன்று.

இப்போது எனக்கு அந்த முட்டுக்கட்டை நகர்ந்துவிட்டது. சரி சொன்னது நான்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தவ்ஃபீக்கும் சரி என்றுதான் சொன்னான். கையில் இட்லியோடு தூங்கிக்கொண்டிருந்தவன் சொன்ன சரி அது. களைத்துப் போனவளிடம் போய் "முடியுமா" என்று கேட்டால் "முடியும்" என்றுதான் சொல்வாள். அவளுக்கே தன் நிலை தெரியாது. அதனால் அவளைக் கேட்கக்கூடாது. ஆளைப் போட வேண்டும்.

இதைத்தான் விளக்கத்தில் எழுதினேன். ஜீப்பை விட்டது நான், கட்டையை வைக்காதது நான், "இறங்கலாம்" என்றது நான். என்னிடம் கேட்டார்கள், நான் சரி என்றேன், அந்தச் சரியை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கக்கூடாது. இரண்டு மேசை, இரட்டை டியூட்டி எல்லாம் எழுதியிருக்கிறேன். சீட்டு போனால் போகட்டும்.

ஒட்டி வைத்த உறையைக் கிழித்துவிட்டேன். அறிக்கையைத் திருப்பி வாங்காதே.

தஹ்சீன்

போனில் உன்னைத் திறந்துவிட்டிருக்கிறேன். உடனே கூப்பிடாதே, எனக்குப் பேச வராது. கொஞ்ச நாள் இப்படியே எழுதலாம்.


விமான நிலையக் குடியிருப்பு
8 அக்டோபர் 2025

அடி என் தங்கமே,

உன் விளக்கம் இங்கே வந்து சேர்ந்த செய்தி உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ராசையா சார் டவருக்குள் வந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "ரெண்டு பேரும் சேந்து என்னைய வம்புல மாட்டிட்டீங்க" என்றார். பிறகு, "நான் எழுதியிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டேன், பயந்திருப்பேன்" என்றார்.

போன வாரம் மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒரு நாள் முழுக்க என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்கும் இரண்டு மேசையும் என் தலையில்தான். நெரிசல் நேரம் வந்ததும் அவர்களில் ஒருவர் தன்னையறியாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முடிந்ததும் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார். "இன்று கொஞ்சம் குறைவு" என்றேன்.

இரண்டு பேரை இங்கே மாற்றிப் போட உத்தரவாகியிருக்கிறது. நெரிசல் நேரத்தில் மேசைகளைச் சேர்க்கக்கூடாது என்று சுற்றறிக்கையும் வந்துவிட்டது. இதெல்லாம் காகிதம்தான், நடக்கிறதா பார்ப்போம். ஆனால் நேற்று கேன்டீனில் ஒரு ஆள் என் மேசைக்கு டீயைக் கொண்டுவந்து உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சர்க்கரை கம்மி என்று சலித்துக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் உன் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். நீ வேண்டாம் என்று சொன்னால் அனுப்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அந்தப் பயத்தில் தட்டவில்லை. அதற்கு நீ இன்னும் எவ்வளவு நாள் கோபமாக இருந்தாலும் சரி.

உனக்கு நவம்பரில் டெஸ்ட். வா.

மித்ரா


தண்டையார்பேட்டை
17 அக்டோபர் 2025

மித்ரா,

கதவு விஷயத்தில் கோபமாகத்தான் இருக்கிறேன். அது தனிக் கணக்கு, நேரில் வந்து சண்டை போட்டுக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது. வீட்டுக்கு மேலே விமானம் போனால் முன்பெல்லாம் எந்தக் கம்பெனி, எங்கே போகிறது என்று தவ்ஃபீக்கிடம் பந்தயம் கட்டுவேன். இப்போது சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். அந்த ஜீப் டிரைவருக்கு என்ன வயது என்று உனக்குத் தெரியுமா? நான் கேட்டதே இல்லை. அவர் முகம் கனவில் வருகிறது, ஆனால் முகம் தெளிவாக இல்லை. மைக்கை எடுத்தால் குரல் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் என்ன செய்வது?

தவ்ஃபீக் பேசிவிட்டான். "அக்கா, ஒன் டிரம்மு மேல குந்தற வேலைக்கு எவ்ளோ சம்பளம்?" என்றான். கான்ட்ராக்டர் அவனை மறுபடி கூப்பிட்டுவிட்டார். ஒரு நடை முடிந்தால் தூங்கிவிட்டுத்தான் அடுத்தது என்று சொல்லிவிட்டானாம். எல்லா வாரமும் அது நடப்பதில்லை, சில வாரம் நடக்கிறது.

ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டேன். உன் அம்மா கருவாடு கொடுத்து அனுப்புகிறார், என் அம்மா ஊறுகாய். பெட்டி முழுக்க நாற்றம்தான் வரப்போகிறது.

தஹ்சீன்


விமான நிலையக் குடியிருப்பு
21 டிசம்பர் 2025

அன்புள்ள மித்ரா,

ஒரு வருடத்துக்குப் பிறகு உனக்கு லீவு கிடைத்து வியாசர்பாடியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறாய். தூங்கு, நன்றாகத் தூங்கு. போனில் சொல்லலாம்தான், ஆனால் இதைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ கத்துவாய். அதனால் எழுதுகிறேன்.

டெஸ்ட் முடிந்து உட்கார ஆரம்பித்ததிலிருந்து எனக்கு எல்லாம் அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அமைதியான நாளில் யார் வேண்டுமானாலும் நல்ல பெயர் எடுக்கலாம். நேற்றுக் காலை அப்படி இல்லை.

மூடுபனி. பக்கத்து நிலையத்தை மறுபடி மூடிவிட்டார்கள். வரிசையாக நம் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். தரை மேசையில் புதிதாய் வந்த உமைமா உட்கார்ந்திருந்தாள், நல்ல பெண், கை வேகம். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், முகம் வெளுத்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அடுத்த டியூட்டி ஆள் வந்து சேர நேரமாகும். ஓடுபாதை விளக்கைப் பார்க்க வேண்டும் என்று ஜீப் கேட்கிறது. வானத்தில் நாலு பேர் வரிசையில், தரையில் மூன்று பேர் கிளம்பத் தயாராக.

ராசையா சார் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். அதே குரல், அதே கனிவு. "உமைமா வந்துடும். அதுவரைக்கும், பத்தே நிமிஷம், ரெண்டையும் பாத்துக்கம்மா."

சுற்றறிக்கை சுவரில்தான் ஒட்டியிருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் நேற்று நன்றாகத் தூங்கி எழுந்தவள், மித்ரா. களைப்பே இல்லை. என்னால் பார்த்திருக்க முடியும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதுதான் பயம். நாக்கு நுனிவரை "சரி சார்" வந்துவிட்டது.

"முடியாது சார்" என்றேன்.

டவரில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. ராசையா சார், "என்னம்மா?" என்றார், நான் சொன்னது அவர் காதில் விழவில்லை என்பதுபோல. மறுபடி சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. பிறகு மைக்கை எடுத்தேன். ஜீப்பை வெளியிலேயே நிற்கச் சொன்னேன். கிளம்ப நின்றவர்களை அங்கேயே இருக்கச் சொன்னேன். வானத்தில் இருந்தவர்களிடம் எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டு, எல்லோருக்கும் தாராளமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, சுற்றிக்கொண்டிருங்கள் என்றேன். குரல் வந்தது.

ஒரு பைலட் எரிந்து விழுந்தார். காரணம் என்ன என்று கேட்டார். "ஆள் இல்லை" என்றேன். ஓடுபாதை, வானிலை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். இல்லை, ஆள் இல்லை என்றுதான் சொன்னேன். "சரி, காத்திருக்கிறோம்" என்றார்.

ராசையா சார் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மைக் முன்னால் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது, ஆனால் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே வருகிறார், உனக்குத் தெரியுமே. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உமைமாவின் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு தரை மேசையில் உட்கார்ந்தார். ஜீப்பைக் கூப்பிட்டார். சிவப்புக் கட்டையை எடுத்துப் பலகையில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அடுத்த ஆள் வந்து தோளைத் தொடும்வரை அவர் எழவில்லை. டிசம்பர் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. எழுந்தவர் உடனே போகவில்லை, புதியவருக்குப் பின்னால் நின்றார். "ஒரு மேசைக்கே இப்படி இருக்கேம்மா" என்றார். எனக்கு அடுத்த விமானம் வந்துவிட்டது.

உமைமாவுக்கு வயிற்றுக்கோளாறுதான், இப்போது பரவாயில்லை. என்மேல் புகார் ஒன்று வரும் என்கிறார்கள். வரட்டும், பதில் எழுத எனக்கு இப்போது நல்ல பழக்கம்.

எல்லோரும் இறங்கினார்கள் மித்ரா. ஒருத்தர் விடாமல் இறங்கினார்கள். தாமதமாக இறங்கினார்கள், என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

உன்
தஹ்சீன்